மறுபதிப்பும் வாசிப்புக் கருவியும்: ஈ-ரீடர் அட்டைகளை முன்வைத்து ஒரு நோக்கு

பழைய ஆக்கமொன்று மீண்டும் வெளியிடப்படும்போது திறனாய்வு நோக்கில் எழுப்பப்படவேண்டிய வினாக்கள் இரண்டு. வெளியீடு எதனை மீட்டுத் தந்துள்ளது என்பது முதலாவது. மீட்டுத் தரப்பட்டதை யார், எதன் துணைகொண்டு வாசிக்க முடியும் என்பது இரண்டாவது. தமிழ்ப் பதிப்பு வரலாற்றை ஆராய்ந்தோர் முதலாவது வினாவுக்கு விரிவான விடைகளைத் தந்துள்ளனர். பாடபேதம், ஏட்டு ஒப்புநோக்கு, இடைச்செருகல் முதலியன பற்றிய சிந்தனை தமிழ் ஆய்வுலகில் நன்கு வேரூன்றியுள்ளது. இரண்டாவது வினாவோ அத்துணைக் கவனத்தைப் பெறவில்லை. ஏட்டில் இருந்தவை அச்சேறியதும் எழுத்தறிந்தோர் அனைவரும் அவற்றை வாசிக்கலாம் என்ற நிலை உருவாகியமையே இதற்குக் காரணமாகும். அச்சுநூலை வாசிப்பதற்குக் கண்ணும் எழுத்தறிவும் போதும். வேறொரு பொறி வேண்டியதில்லை.

ஆயின், பொறியின் துணையின்றி வாசிக்கவே இயலாத ஆக்கங்கள் பெருகியுள்ள இக்காலத்தில் இரண்டாவது வினாவே முதன்மை பெறுகின்றது. இதனைத் தெளிவாக உணர்த்தும் எடுத்துக்காட்டு ஒன்று யப்பானிய நிறுவனமாகிய நின்டென்டோவின் வெளியீட்டு வரலாற்றில் உண்டு. 1980களில் வெளிவந்த தனது நிகழ்பட விளையாட்டுக்களை அந்நிறுவனம் 2002ஆம் ஆண்டில் கடதாசி அட்டைகளில் அச்சிட்டு விற்றது. அவ்வட்டைகளை வாசிப்பதற்கென ‘ஈ-ரீடர்’ என்னும் கருவியையும் வெளியிட்டது. இன்று மின்னூல் வாசிப்பதற்குப் பயன்படும் கருவிகளையும் இப்பெயரால் வழங்குவதுண்டு. இங்கு ஆராயப்படுவது அதுவன்று.

விளையாட்டைத் திறனாய்வுக்கு உரிய பொருளாகக் கொள்வது தகுமோ எனச் சிலர் ஐயுறலாம். நாட்டார் பாடலையும் கூத்தையும் ஆய்வுப்பொருளாகக் கொள்ளத் தயங்கிய தலைமுறை ஒன்று தமிழிலும் இருந்தது என்பதை அவர்கள் மனங்கொள்ளுதல் வேண்டும். ஒரு காலத்து மக்கள் பெருந்தொகையினராக எதனோடு தம் பொழுதைக் கழித்தனரோ, அது பண்பாட்டு ஆவணமாகும். அதன் கலைத்தரம் பற்றிய தீர்ப்பு வேறு. அது பேணப்படவேண்டுமா என்ற வினா வேறு.

1. அட்டையும் கருவியும்

ஈ-ரீடர் யப்பானில் 2001 டிசம்பரிலும் வட அமெரிக்காவில் 2002 செப்ரெம்பரிலும் வெளிவந்தது. ஐரோப்பாவில் அது விற்பனைக்கு வரவில்லை. ‘கேம் பாய் அட்வான்ஸ்’ என்னும் கையடக்க விளையாட்டுப் பொறியில் கசெற் செருகும் இடத்தில் இக்கருவியைப் பொருத்துதல் வேண்டும். விளையாட்டுச் சீட்டின் அளவினதாகிய ஓர் அட்டையின் ஓரத்தில் நுண்ணிய புள்ளிகளால் ஆன நீண்ட கோடு ஒன்று அச்சிடப்பட்டிருக்கும். அட்டையைக் கருவியின் பிளவில் இட்டு இழுத்தால் புள்ளிகள் வாசிக்கப்பட்டு, அவை குறிக்கும் நிரல் கருவியின் நினைவகத்தில் சேரும். இப்புள்ளிக் குறிமுறையை உருவாக்கியது ஒலிம்பஸ் நிறுவனமாகும்.

நீண்ட கோடு ஒன்று கொள்ளக்கூடிய தரவு ஏறத்தாழ 2.2 கிலோபைட் மட்டுமே. இவ்வளவின் சிறுமையைத் தமிழ்க் கணக்கிற் கூறின் தெளிவாக விளங்கும். இன்று பெருவழக்காயுள்ள ஒருங்குறி முறையிலே தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட் இடத்தைக் கொள்கிறது. அக்கணக்கின்படி ஒரு கோட்டினுள் ஏறத்தாழ 730 குறிகளே அடங்கும். அச்சுநூலின் ஒரு பக்கத்துக்கும் அது போதாது. எனவே ஒரு முழு விளையாட்டை அட்டையில் ஏற்றுவதற்கு, இருபுறமும் கோடிட்ட 5 அட்டைகள் தேவைப்பட்டன. ஆடவிரும்புபவர் 10 முறை அட்டையை இழுக்க வேண்டும். நினைவகம் ஒரு நேரத்தில் ஒரு விளையாட்டையே தாங்கிநின்றது. மற்றொன்றை ஏற்றினால் முன்னையது அழிந்துவிடும்.

இம்முறையின் அலுப்பை அக்காலத்தோர் பலர் குறைகூறினர். அக்குறை நியாயமானதே. ஆயினும் இவ்வட்டைகளில் ஒரு தனிச்சிறப்பு இருந்ததை மறுத்தல் பொருந்தாது. கண்ணுக்குப் புலனாகாத சில்லில் அடைபட்டிருந்த ஆக்கம், இங்கே மையாகிக் கடதாசியில் அமர்ந்தது. அதனைக் கையால் தொடலாம். புத்தகத்தின் இடையில் வைக்கலாம். நண்பருக்கு இரவல் கொடுக்கலாம். கோட்டின் ஒரு பகுதி சிறிது தேய்ந்தாலும் எஞ்சிய புள்ளிகளைக்கொண்டு விடுபட்டதைக் கணித்துக்கொள்ளும் கணித ஏற்பாடும் அக்குறிமுறையில் இடம்பெற்றிருந்தது. சிதைந்த ஏட்டில் எஞ்சிய சீரையும் எதுகையையும் கொண்டு விடுபட்ட எழுத்தை ஊகிக்கும் பதிப்பாசிரியரின் செயலை அது ஓரளவு ஒத்தது.

இவ்விடத்தே ஒரு முரண்பாடு தோன்றுகின்றது. கடதாசி தேயும் என்பதை அக்குறிமுறையை அமைத்தோர் முன்கூட்டியே எண்ணினர். அதற்கு மாற்றும் கண்டனர். கருவி மறையும் என்பதை எண்ணியதாகத் தெரியவில்லை. ஆனால் நிகழ்ந்தது பின்னையதே. வட அமெரிக்காவில் 2004ஆம் ஆண்டளவில் ஈ-ரீடர் விற்பனை நின்றது. அதனைத் தாங்கிய விளையாட்டுப் பொறிகளும் உற்பத்தியிலிருந்து நீங்கிப் பல்லாண்டுகளாயின. அட்டைகளோ இன்றும் மங்காது உள்ளன. பிரதி நிலைத்தது, வாசகன் மறைந்தான்.

2. தெரிவும் பாடமும்

ஒரு தொகுப்பை மதிப்பிடுகையில் எவை சேர்க்கப்பட்டன, எவை விடப்பட்டன, எக்காரணத்தால் என்பன கேட்கப்படும். அட்டை வடிவில் மறுபிறவி எடுத்தவை ‘எக்சைட்பைக்’, ‘பலூன் ஃபைட்’, ‘ஐஸ் கிளைம்பர்’, ‘டென்னிஸ்’, ‘கொல்ஃப்’ முதலியன. இவையாவும் ‘ஃபமிலி கொம்பியூட்டர்’ என்ற பெயரில் 1983இல் யப்பானில் வெளிவந்து, பின்னர் மேலைநாடுகளில் வேறு பெயரில் விற்கப்பட்ட வீட்டுப் பொறிக்கென எழுதப்பட்டவை. அப்பொறியின் தொடக்க ஆண்டுகளைச் சேர்ந்தவை. இவற்றில் ‘எக்சைட்பைக்’ போன்றவற்றின் அளவு 24 கிலோபைட். தரவைச் சுருக்கி 10 கோடுகளில் அடக்குவதற்கு அவ்வளவு ஏற்றதாயிருந்தது. 1986இல் வெளிவந்த ‘த லெஜன்ட் ஒஃப் ஸெல்டா’ 128 கிலோபைட் அளவினது. அதற்கு இவ்வட்டைகளில் இடமில்லை. ஆகவே எது ‘செவ்வியல்’ என்பதைத் தீர்மானித்தது ஆக்கத்தின் சிறப்பு மட்டுமன்று, கடதாசியின் கொள்ளளவுமாகும். இதனைக் குற்றமாகக் கூறவேண்டியதில்லை. எல்லா ஊடகங்களும் இத்தகைய தெரிவைச் செய்வனவே. ஆனால் அக்காரணம் வாசகர்க்கு உணர்த்தப்படாதவிடத்து, கொள்ளளவின் தெரிவு தகுதியின் தெரிவாக மயங்கிவிடுகின்றது.

பாடத்தின் நிலையை நோக்கின் மேலும் சில குறைபாடுகள் புலனாகும். மூல ஆக்கங்கள் தொலைக்காட்சித் திரைக்கென 256க்கு 240 என்ற புள்ளி அளவில் அமைந்தவை. கையடக்கப் பொறியின் திரை 240க்கு 160 மட்டுமே. ஆகவே படம் நெடுக்காகச் சுருக்கப்பட்டது. துள்ளலின் உயரமும் வீழ்ச்சியின் ஆழமும் பொருளாக அமையும் ஆக்கங்களில் இச்சுருக்கம் செய்யுளின் அடியைக் குறைத்து அச்சிடுவதற்கு நிகராகும். கருவியினுள் பழைய பொறியைப் போலச்செய்யும் நிரல் ஒன்று அமைக்கப்பட்டிருந்தமையால் மூல நிரலே இயங்கியது என்பது உண்மையே. எனினும் நிரல் மூலமாயினும் காட்சி மூலமன்று.

இவற்றுக்கெல்லாம் முன்னதாக, எந்தப் பாடம் மூலம் என்ற வினாவும் உண்டு. ‘டொங்கி கோங்’ ஆட்டத்தின் வரலாறு இதற்குத் தக்க சான்று. 1981இல் நாணயமிட்டு ஆடும் பொறியில் வெளிவந்தபோது அது 4 கட்டங்களைக் கொண்டிருந்தது. வீட்டுப் பொறிக்கு மாற்றப்பட்டபோது அவற்றுள் ஒன்று விடப்பட்டு 3 ஆயிற்று. பின்னர் ‘செவ்வியல் வரிசை’ என்ற பெயரில் 2004இல் கசெற்றாக மீண்டும் வந்தபோதும் 3 கட்டங்களே இருந்தன. விடுபட்ட கட்டத்தைச் சேர்த்த வடிவம் ஒன்றை அந்நிறுவனமே 2010இல் ஐரோப்பாவில் வெளியிட்டது. சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தபோது கிடைத்த ஏடுகளை ஒப்புநோக்கி, தாம் செய்ததை முன்னுரையில் உலகறியக் கூறும் மரபில் நின்றார். குறைபாடத்தை நிறைபாடமென மயங்கவிடாதிருத்தலே பதிப்பறம். ‘செவ்வியல்’ என்று பெயரிட்டு விற்கும் வணிக மறுவெளியீட்டில் அவ்வறம் இடம்பெறுவது அரிதாகவே உள்ளது.

‘எக்சைட்பைக்’ இதனினும் நுட்பமான ஒரு செய்தியைத் தருகின்றது. அவ்விளையாட்டில் ஆடுபவர் தமக்கென ஓடுபாதையை வடிவமைக்கலாம். யப்பானில் அப்பாதையை ஒலிநாடாவிற் பதிந்து வைப்பதற்கு ஒரு துணைக்கருவி விற்கப்பட்டது. அக்கருவி பிற நாடுகளுக்கு வரவில்லை. ஆயினும் அந்நாடுகளில் விற்ற கசெற்றிலும் ‘சேமி’, ‘மீட்டெடு’ என்னும் கட்டளைகள் திரையில் தோன்றியவண்ணமே இருந்தன. அவற்றைத் தெரிந்தால் பயன் யாதுமில்லை. மறைந்த இசைக்கருவிகளின் பெயர்கள் பழைய இலக்கியங்களில் எஞ்சி நிற்பதைப் போல, இல்லாத கருவியை விளிக்கும் சொல்லாக அக்கட்டளைகள் எஞ்சின. வாசிப்புக் கருவி இன்றிய பிரதியின் நிலையை இதனினும் சுருக்கமாக விளக்குதல் அரிது.

3. விலையும் உரிமையும்

அமெரிக்காவில் ஈ-ரீடரின் விலை ஏறத்தாழ 40 டொலர். ஒரு விளையாட்டின் 5 அட்டைகள் ஏறத்தாழ 5 டொலர். ஈராண்டுகளுக்குள் ‘எக்சைட்பைக்’, ‘ஐஸ் கிளைம்பர்’ ஆகிய இரண்டும் அதே கையடக்கப் பொறிக்குரிய கசெற்றுக்களாக மீண்டும் வெளிவந்தன. அவற்றின் விலை ஒவ்வொன்றும் ஏறத்தாழ 20 டொலர். ஒரே ஆக்கம் ஒரே பொறிக்கு ஒரே வெளியீட்டாளரால் இருமுறை விற்கப்பட்டது. மலிவான கடதாசி வடிவம் மறைந்தது. விலை கூடிய வடிவம் அதன் இடத்தைப் பிடித்தது. இம்மறுவெளியீட்டில் பேணுதலின் பங்கை விட விற்பனையின் பங்கே மேலோங்கியது என்ற முடிவுக்கு இது இடந்தருகின்றது.

இதற்கு நேர்மாறான ஒரு நிகழ்ச்சியும் உண்டு. 2003இல் வெளிவந்த ‘சுப்பர் மரியோ அட்வான்ஸ் 4’ என்ற ஆட்டத்துக்கென ஈ-ரீடர் அட்டைகளிற் புதிய கட்டங்கள் வெளியிடப்பட்டன. மொத்தம் 38 கட்டங்கள். அவற்றுட் பல யப்பானுக்கு வெளியே வரவேயில்லை. பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின்னர் ‘வீ யூ’ என்னும் பொறிக்கென அவ்விளையாட்டு இணையவழி வெளியிடப்பட்டபோது 38 கட்டங்களும் அட்டையின்றியே அதனுடன் சேர்க்கப்பட்டன. வெளியீட்டாளர் விரும்பின் மறைந்ததை முழுமையாக மீட்கலாம் என்பதற்கு அது சான்று. ஆனால் 2023 மார்ச்சில் அப்பொறிக்குரிய இணையக் கடை மூடப்பட்டது. அதே ஆண்டில் சந்தா செலுத்துவோருக்கான வேறொரு வழியில் அவ்விளையாட்டு மீண்டும் வந்தது. கதவைத் திறப்பவரும் மூடுபவரும் ஒருவரே.

இது ஒரு நிறுவனத்துக்கு மாத்திரம் உரிய நிலையன்று. அமெரிக்காவில் இயங்கும் நிகழ்பட விளையாட்டு வரலாற்று மன்றம் ஒன்று 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2010க்கு முன்னர் அந்நாட்டில் வெளிவந்த விளையாட்டுக்களுள் 87 வீதமானவை இன்று கடையிற் கிடைப்பதில்லை. நூலகங்கள் இத்தகைய ஆக்கங்களை ஆய்வாளர்க்குத் தொலைவிலிருந்து பயன்படுத்தக் கொடுப்பதற்கு விலக்களிக்குமாறு கேட்கப்பட்டபோது, அந்நாட்டுப் பதிப்புரிமை அலுவலகம் 2024இல் அதனை மறுத்தது. நூலை நூலகத்தில் இருந்து வாசிக்கும் உரிமை நூற்றாண்டுகளாக நிலைபெற்றது. பொறிவழி ஆக்கத்துக்கு அது இன்னும் கைகூடவில்லை.

தென்னாசிய வாசகருக்கு இவ்வரலாற்றின் மற்றொரு பக்கமும் தெரியும். இந்நாடுகளிற் பலர் இவ்விளையாட்டுக்களை அறிந்தது நின்டென்டோவின் வெளியீடுகளால் அன்று. 1990களில் ‘டீவி கேம்’ என்ற பெயரில் மலிவாக விற்ற போலிப் பொறிகளாலேயே. ஒரே கசெற்றில் அறுபது, எழுபது ஆட்டங்கள் என விளம்பரப்படுத்தி வந்த அப்பிரதிகளில் ‘எக்சைட்பைக்’, ‘பலூன் ஃபைட்’ முதலியன இடம்பெற்றன. அவற்றில் ஆக்கியோன் பெயரில்லை. ஒரே ஆட்டம் பல பெயர்களில் எண்ணிக்கையைப் பெருக்கிக் காட்டியது. உரிமை நோக்கில் அவை திருட்டுப் பிரதிகள் என்பதில் ஐயமில்லை. வாசிப்பு நோக்கில், ஆக்கத்தையும் அதனை இயக்கும் பொறியையும் ஒருங்கே மலிவாகத் தந்தவையும் அவையே. பிழை மலிந்த ஏட்டுப்பிரதியும் சில வேளைகளில் ஒரே சாட்சியாக எஞ்சுவதுண்டு.

4. எழுத்தும் யாழும்

வாசிப்புக் கருவி பற்றிய இவ்வினாவைக் கீழைக் கரையோரத் தமிழ்ச் சூழலிற் பொருத்திப் பார்ப்பது பயனுடையது. கல்முனைக்கு அண்மையில், தமிழரும் முஸ்லிம்களும் அயலவராக வாழும் ஊர் நற்பிட்டிமுனை. அவ்வூரில் வீடொன்றின் பெட்டகத்திலிருந்து இரு பொருள்கள் வெளிப்படுவதாக வைத்துக்கொள்ளலாம்: ஒன்று, ஈ-ரீடர் அட்டை, மற்றொன்று, அரபுத்தமிழில் எழுதப்பட்ட பழைய ஏடொன்றின் கிழிந்த தாள். இரண்டிலும் இருப்பவை புள்ளிகளும் கோடுகளுமே. எது மீளும்?

அரபுத்தமிழ் என்பது தமிழ்மொழியை அரபு எழுத்தால் எழுதும் முறை. அரபு நெடுங்கணக்கில் இல்லாத தமிழ் ஒலிகளுக்கென இருக்கும் எழுத்துக்களோடு புள்ளியும் குறியும் சேர்த்துப் புதிய வடிவங்கள் ஆக்கப்பட்டன. தமிழகத்திலும் இலங்கையிலும் முஸ்லிம்களிடையே சமயநூல்களும் மருத்துவக் குறிப்புகளும் பாடல்களும் இவ்வெழுத்தில் வழங்கின. கீழக்கரை செய்யிது முஹம்மது ஆலிம் (1816–1898) இம்மரபின் தலைசிறந்த ஆசிரியருள் ஒருவர். இருபதாம் நூற்றாண்டில் தமிழ்வழிப் பாடசாலைக் கல்வி பரவியதும் இவ்வெழுத்தின் வழக்கு அருகியது. இன்று அதனைத் தடையின்றி வாசிப்போர் மிகச் சிலரே.

எனினும் அத்தாள் ஊமையாகிவிடவில்லை. குர்ஆன் ஓதப் பழகிய சிறுவர்க்கு அரபெழுத்துத் தெரியும்; அவர் தாய்மொழி தமிழ். இவ்விரண்டையும் ஏற்கெனவே பெற்றுள்ள ஒருவருக்கு, மேலதிகமான சில எழுத்துக்களின் ஒலியைச் சொல்லிக்கொடுத்தால் சில நாட்களில் எழுத்துக்கூட்டத் தொடங்கிவிடுவார். பழஞ்சொற்களின் பொருள் தெரிய மேலும் காலமாகும். ஆயினும் வழி திறந்தேயுள்ளது. அங்கே வாசிப்புக் கருவி சமூகத்தின் உடைமை. அதனைப் பள்ளி மதரஸாவும் வீட்டுப் பேச்சும் நாள்தோறும் புதுப்பித்து வருகின்றன. ஈ-ரீடர் அட்டையை வாசிக்கும் கருவியோ ஒரு நிறுவனத்தின் சரக்கு. சரக்கு தீர்ந்ததும் வாசிப்பும் தீர்ந்தது.

ஓலைச்சுவடியும் இவ்வேறுபாட்டை வலியுறுத்துகின்றது. சுவடியில் மெய்யெழுத்துக்குப் புள்ளியிடும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. எகர ஏகார வேறுபாடும் காட்டப்படுவதில்லை. குறையை நிரப்பியது வாசகனின் மொழியறிவு. அட்டையில் இருப்பவை யாவும் புள்ளிகள். எத்துணைப் புலமை வாய்ந்தவராயினும் அவற்றில் ஒன்றையேனும் வெறுங்கண்ணால் பொருள்கொள்ளல் இயலாது. ஓரிடத்தில் புள்ளி இல்லாதபோதும் வாசிப்பு நிகழ்ந்தது. மற்றோரிடத்தில் புள்ளி நிறைந்திருந்தும் நிகழவில்லை.

கருவியே அழிந்துவிட்டால் யாது செய்வது என்ற வினாவுக்கு நற்பிட்டிமுனைக்குச் சில மைல் தெற்கேயுள்ள காரைதீவு விடை தருகின்றது. அங்கு 1892இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர் பல்லாண்டு ஆராய்ந்து எழுதிய ‘யாழ் நூல்’ 1947இல் அரங்கேறியது. யாழ் என்னும் கருவி வழக்கொழிந்து பல நூற்றாண்டுகள் கழிந்திருந்தன. சிலப்பதிகார அரங்கேற்று காதையிலும் அதன் உரைகளிலும் நரம்புகளின் எண்ணும் முறையும் பற்றிய குறிப்புக்கள் எஞ்சியிருந்தன. அவற்றைக் கணிதத்தின் துணைகொண்டு விளக்கி, மறைந்த கருவியின் அமைப்பை அவர் மீட்க முயன்றார். அம்முயற்சி சாத்தியமானதற்குக் காரணம், கருவி பற்றிய அறிவு கருவியோடு மாத்திரம் அடங்கியிருக்காமல் நூலிலும் உரையிலும் வெளிப்படையாக எழுதப்பட்டிருந்தமையே. அரும்பதவுரையாசிரியரும் அடியார்க்கு நல்லாரும் இசைமுறையைத் தொழில் இரகசியமெனக் கருதி மறைத்திருந்தால் விபுலாநந்தரின் புலமையும் பயனற்றுப் போயிருக்கும்.

இதற்கு மறுதலையான உண்மையும் உண்டு. கருவி மனிதரிடத்தே இருப்பதாலேயே பிரதி பாதுகாப்புறும் எனக் கூறுதல் பொருந்தாது. இக்கரையோர முஸ்லிம் மக்களிடையே வாய்வழி வழங்கும் கவிகளுக்கு ஏடுமில்லை, பொறியுமில்லை. பாடுவோரின் நினைவே பிரதியும் கருவியுமாகும். பாடிய மூதாட்டி மறையின் இரண்டும் ஒருங்கே மறையும். ஏடும் அழியக்கூடியதே. 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை தாக்கியபோது இலங்கையில் உயிரிழப்பு மிகுந்த மாவட்டம் அம்பாறை. மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு முதலிய ஊர்களின் கரையோர வீடுகளோடு அவற்றில் இருந்த நூல்களும் கையெழுத்துப் பிரதிகளும் அழிந்தன. ஒரே பிரதியாக ஓரிடத்தில் மாத்திரம் இருந்தது ஒருமுறை அழிந்தால் மீளாது. ஆகவே பல பிரதிகள், பல இடங்கள், பலர் அறிந்த வாசிப்பு முறை ஆகிய மூன்றும் சேர்ந்தவிடத்தே பேணுதல் நிகழ்கின்றது. அட்டைகள் ஆயிரக்கணக்கில் அச்சாகி முதலிரண்டையும் பெற்றன; மூன்றாவதை வெளியீட்டாளர் வழங்கவில்லை.

அம்மூன்றாவதைத் தந்தோர் வாசகரே. ஆர்வலர் சிலர் புள்ளிக் குறிமுறையைத் தம் முயற்சியால் ஆராய்ந்து அதன் அமைப்பைக் கண்டறிந்து வெளியிட்டனர். அதன் பயனாக, அட்டையின் தரவை இன்றைய கணினியில் ஏற்றி ஆட இயலுகின்றது. சட்டத்தின் நோக்கில் ஆக்கத்தைப் படியெடுப்பது இன்றும் சர்ச்சைக்குரியதே. குறிமுறையை விளக்குவது அதனின் வேறானது. அது உரையாசிரியரின் பணியை ஒத்தது.

5. மதிப்பீடு

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், ஈ-ரீடர் வெளியீட்டை மூவகையில் மதிப்பிடலாம். ஊடகம் என்ற வகையில் அது துணிவான முயற்சி. கணினி ஆக்கமும் கடதாசியில் வாழலாம், எளியோர் கையில் மலிவாகப் புழங்கலாம் என்பதை அது காட்டியது. பதிப்பு என்ற வகையில் அது குறைபாடுடையது. காட்சி சுருங்கியது, தெரிவின் காரணம் கூறப்படவில்லை, பாட வரலாறு வாசகர்க்கு உணர்த்தப்படவில்லை. மரபுப் பேணல் என்ற வகையிலோ அது தோல்வியுற்றது. வாசிக்கும் முறையை மறைத்து வைத்து வாசிக்கும் பொருளை மட்டும் விற்றதே அத்தோல்வியின் காரணம்.

இம்மதிப்பீடு தொலைதூர நாட்டுப் பொழுதுபோக்கு ஒன்றைப் பற்றியது மட்டுமன்று என்பதைப் பல்கலைக்கழகத் தமிழ் மாணவர் தம் மேசையிலேயே காணலாம். இலங்கையில் 1990களிலும் அதன் பின்னரும் தட்டெழுதப்பட்ட தமிழ் ஆய்வேடுகளும் கட்டுரைகளும் மலர்களும் பெருந்தொகையாக ‘பாமினி’ போன்ற எழுத்துருக்களில் அமைந்தவை. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் அக்கோப்பைத் திறந்தால் தமிழுக்குப் பதிலாகப் பொருளற்ற உரோமன் எழுத்துக்களே தோன்றும். ஒருங்குறி பரவியபின் அப்பிரதிகள் அட்டையிலுள்ள புள்ளிகளின் நிலையை எய்தியிருக்கக்கூடும். அவ்வாறு நேராமைக்குக் காரணம், எந்த உரோமன் எழுத்து எந்தத் தமிழெழுத்தைக் குறிக்கும் என்ற அட்டவணை வெளிப்படையாக எல்லோருக்கும் கிடைத்தமையே. மாற்றி நிரல்கள் எழுதப்பட்டன. பழைய கோப்புக்கள் இன்று வாசிக்கப்படுகின்றன. நெகிழ்வட்டில் மட்டும் எஞ்சி, வட்டைச் செருகும் கணினி மறைந்தமையால் வாசிக்க இயலாது போனவற்றுக்கோ இவ்வாய்ப்புக் கிட்டவில்லை.

2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் மின்வருடிப் பொதுவழக்கிலுள்ள கோப்பு வடிவில் எவரும் கட்டணமின்றி வாசிக்க வைத்தமை இந்நோக்கிற் சிறப்புப் பெறுகின்றது. அதன் அருமை நூல்களின் தொகையில் மாத்திரம் இல்லை. வாசிக்கும் வழியை ஒரு பொறிக்கோ ஒரு விற்பனையாளருக்கோ கட்டுப்படுத்தாமையிலும் உள்ளது.

ஆதலால், மறுபதிப்பு எதுவாயினும், அது சங்கநூலாயினும் மாணவர் மலராயினும் சிறுவர் விளையாட்டாயினும், அதனை மதிப்பிடுவோர் பாடத்தின் திருத்தத்தோடு ஒரு கேள்வியையும் சேர்த்துக் கேட்டல் வேண்டும்: இதனை வெளியிட்டவர் நாளை இல்லாதொழியின் இது வாசிக்கப்படுமா? நற்பிட்டிமுனைப் பெட்டகத்துத் தாளுக்கு அவ்வினாவின் விடை ‘ஆம்’ என்பது. எழுதியவர் பெயர்கூடத் தெரியாதிருக்கலாம். எழுத்துக்கூட்ட ஒரு பிள்ளை அவ்வூரில் உண்டு. அட்டைக்கு விடை நெடுங்காலம் ‘இல்லை’ என்றே இருந்தது. அதனை மாற்றியவர் விற்றவர் அல்லர், வாசித்தவர். பதிப்பிக்கும் பணியில் ஈடுபடுவோர் வாசகரை அவ்வளவு தூரம் உழைக்கவைத்தல் முறையன்று. நூலை வழங்கும்போதே அதனை வாசிக்கும் வழியையும் வழங்குதல் அவர்தம் கடனாகும்.